ஜமாவும் தனிக்குரலும்: தமிழ் ராப் குழுக்களை வாசிப்பது பற்றி

1

ஒரு குழுவின் பாட்டைக் கேட்கும்போது நாம் யாரைக் கேட்கிறோம்? கேள்வி சாதாரணமானதுதான். ஆனால் தமிழில் இசை பற்றி எழுதுகிறவர்கள் இதற்குப் பெரும்பாலும் இரண்டே பதில்களைத்தான் வைத்திருக்கிறார்கள். ஒன்று, இசையமைப்பாளர் பெயர். மற்றொன்று, 'மக்கள்'. முதல் பதில் சினிமாவிலிருந்து வந்தது, இரண்டாவது நாட்டார் வழக்காற்றியலிலிருந்து வந்தது. இரண்டிலும் காணாமல் போவது வாயைத் திறந்து பாடுகிற ஆள். ராப் குழுக்களைப் பற்றிப் பேசும்போது இந்தக் குறை அதிகமாகவே உறுத்துகிறது. நாலு பேர் மாறி மாறிச் சொல்லும் பாட்டில் யார் சொன்னது எது என்று பிரித்துக் கேட்காவிட்டால் பாட்டையே கேட்கவில்லை என்றுதான் அர்த்தம்.

எங்கள் பக்கத்தில் - திருவண்ணாமலை, செங்கம், போளூர், ஆரணி - தெருக்கூத்துக் குழுவை 'ஜமா' என்பார்கள். அரபியிலிருந்து உருது வழியாகத் தமிழுக்கு வந்த சொல். கூட்டம் என்று பொருள். 2024-இல் பாரி இளவழகன் இயக்கி நடித்த 'ஜமா' படத்துக்குப் பிறகு வெளியூர்க்காரர்களுக்கும் இந்தச் சொல் தெரிந்திருக்கும். நோட்டீஸில் ஜமா பெயர் இருக்கும், வாத்தியார் பெயர் இருக்கும். பார்க்க வருகிற சனமோ வேறு மாதிரிப் பேசும்: "கர்ணன் இன்னாருடா கட்றாரு? அவரா? அப்டீன்னா உக்காரலாம்." அதாவது நோட்டீஸ் குழுவைப் பெயரிடுகிறது, பார்வையாளர் தனி ஆளைப் பெயரிடுகிறார். ஒரே கர்ண மோட்சத்தைப் பத்து ஜமாக்கள் ஆடலாம். ஒரே ஜமாவில் கர்ணன் கட்டுகிற ஆள் மாறலாம். இந்த இரண்டு வித்தியாசங்களையும் கூத்துப் பார்க்கிறவர் எழுதப் படிக்கத் தெரியாமலேயே கணக்கில் வைத்திருக்கிறார். விமர்சனம் இந்த அளவுக்காவது வளர வேண்டாமா?

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கூத்தில் வேஷக்காரர் நேரே வந்து கதையைத் தொடங்குவதில்லை. திரை பிடிக்கிறார்கள். திரைக்குப் பின்னாலிருந்து விருத்தம். திரை விலகியதும் கட்டியக்காரன் நீ யார், எந்த தேசம் என்று விசாரிக்கிறான். வேஷம் தன் பெயரையும் குலத்தையும் பெருமையையும் தானே சொல்லிக்கொள்கிறது. ராப்பில் ஒருவர் தன் பத்தியைத் தொடங்கும்போது செய்வதும் இதுதான். 'எம்சி' என்ற சொல்லே நிகழ்ச்சியை நடத்துகிறவர் என்பதன் சுருக்கம். தமிழில் சொன்னால் கட்டியக்காரன். வித்தியாசம் ஒன்று உண்டு. கூத்துக்காரர் சொல்வது கர்ணன் பெயரை, தன் பெயரை அல்ல. ராப் பாடுகிறவர் சொல்வது தானே தனக்கு வைத்துக்கொண்ட பெயரை. வேஷமும் ஆளும் அங்கே ஒட்டிக்கொண்டுவிடுகின்றன. ஆகவே பெயர் என்பது ராப்பில் அலங்காரமல்ல, அதுதான் களம்.

இந்தக் கட்டுரையில் தமிழ் ராப் குழுக்கள் சிலவற்றை ஆல்பம் ஆல்பமாக எடுத்து, உறுப்பினர்களை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். யார் பெரியவர் என்று தீர்ப்புச் சொல்வது நோக்கமல்ல. குழுவுக்குள் தனிக்குரல் எப்படி உருவாகிறது, யாருடைய பெயர் எப்போது எழுதப்படுகிறது, எப்போது அழிக்கப்படுகிறது என்பதே என் அக்கறை.

2

ராப் பிறந்த இடத்தில் இந்தப் பிரச்சினை ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. நியூயார்க்கின் பிராங்க்ஸில் 1973 ஆகஸ்டில் கூல் ஹெர்க் நடத்திய விருந்திலிருந்து இந்த இசையின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். அங்கிருந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1988-இல், கலிபோர்னியாவின் காம்ப்டனிலிருந்து என்.டபிள்யூ.ஏ. குழுவின் 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' வந்தது. அதில் ஈஸி-ஈ சொன்ன வரிகளில் பலவற்றை எழுதியவர்கள் ஐஸ் க்யூப், எம்சி ரென் போன்றவர்கள். எழுதியவர் ஒருவர், வாயசைத்தவர் இன்னொருவர். பணக் கணக்கில் தகராறு வந்து ஐஸ் க்யூப் 1989 கடைசியில் வெளியேறினார். 1990-இல் தனி ஆல்பம் கொண்டுவந்தார். அவர் இல்லாமல் 1991-இல் வந்த குழுவின் அடுத்த ஆல்பத்தில் கோபம் இருக்கிறது, யாரை நோக்கி என்பது மங்கிவிட்டது. ஒருவர் போன பிறகுதான் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது காதில் விழுகிறது.

எதிர்த் திசையில் வூ-டாங் கிளான். ஒன்பது பேர். 1993-இல் முதல் ஆல்பம். ஒப்பந்தம் போடும்போதே, குழு ஒரு கம்பெனியில் இருந்தாலும் உறுப்பினர்கள் தனித்தனியாக வேறு கம்பெனிகளுக்குப் போகலாம் என்று ஆர்ஸா பேசிவைத்தார். அதனால் 1994-இல் மெத்தட் மேன், 1995-இல் ரேக்வான், ஜிஸா, ஓல் டர்ட்டி பாஸ்டர்ட், 1996-இல் கோஸ்ட்ஃபேஸ் என்று தனி ஆல்பங்கள் வந்தன. பெரும்பாலும் ஆர்ஸாவின் இசையிலேயே வந்தன. 1997-இல் மறுபடி குழுவாகக் கூடினார்கள். இங்கே தனிக்குரல் குழுவை உடைக்கவில்லை. குழுவிலிருந்து போய், கனம் கூடித் திரும்பி வந்தது.

இந்த இரண்டையும் மாதிரிகளாக வைத்துக்கொள்ளலாம். பெயர்க் கணக்கும் பணக் கணக்கும் முன்கூட்டிப் பேசப்படாத ஜமா, பேசப்பட்ட ஜமா. தமிழ்க் குழுக்கள் இதில் எங்கே நிற்கின்றன?

3

தமிழில் ராப் தமிழ்நாட்டில் தொடங்கவில்லை, மலேசியாவில் தொடங்கியது என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. கோலாலம்பூரின் 'பொயடிக் அம்மோ' குழுவில் நால்வர்: யோகி பி, பாயிண்ட் பிளாங்க், லேண்ட்ஸ்லைட், சி. லோகோ. 1998-இல் வந்த முதல் ஆல்பத்தில் ஆங்கிலம், மலாய், தமிழ், கான்டனீஸ் என்று நான்கு மொழிகள். மலேசியாவின் தெரு அப்படித்தான் பேசுகிறது. தமிழ் அங்கே நான்கில் ஒன்று. யோகி பி-யும் அப்போது நால்வரில் ஒருவர்.

2006-இல் 'வல்லவன்' ஆல்பம். இப்போது குழுவின் பெயர் 'யோகி பி அண்ட் நட்சத்திரா'. கூட இருப்பவர்கள் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ். பெயரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முதல் குழுவின் பெயரில் எந்த ஆளும் இல்லை. இரண்டாவதில் ஒருவர் 'அண்ட்'டுக்கு முன்னால், மற்ற இருவர் அதற்குப் பின்னால். வாத்தியார் பெயரும் ஜமா பெயரும் சேர்ந்த நோட்டீஸ் மாதிரி. இசையில் இது எப்படி ஒலிக்கிறது? யோகி பி-யின் குரல் அடித்தொண்டையில் இருப்பது, நிதானமானது. அறிவிப்புச் செய்கிற குரல். அந்தக் குரல் வாசலைத் திறந்துவிட, மற்ற இரண்டு பேரும் வேகத்தோடு உள்ளே வருகிறார்கள். கட்டியம் கூறுபவரும் வேஷங்களும் என்ற பங்கீடு தானாகவே அமைந்துவிடுகிறது.

அந்த ஆல்பத்தின் மிகப் பிரபலமான பாட்டு 'மடை திறந்து'. 'நிழல்கள்' (1980) படத்தில் இளையராஜா இசையமைத்த பாட்டின் மேல் கட்டப்பட்டது. மூலப்பாட்டு, வாய்ப்புக் கிடைக்காத ஓர் இளம் இசைக்கலைஞன் காணும் பகற்கனவு. அதை எடுத்துக்கொண்டவர்கள், தமிழ் இசைச் சந்தையின் வரைபடத்திலேயே இல்லாத தோட்டத் தொழிலாளர் வம்சத்து நகரத்துப் பையன்கள். பழைய பாட்டை 'ரீமிக்ஸ்' செய்தார்கள் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கனவு கண்டவனின் இடத்தில் தங்களை உட்காரவைத்தார்கள், அதுதான் நடந்தது.

வட ஆற்காட்டிலிருந்து கங்காணிகள் ஆள் பிடித்துக் கப்பலேற்றிய இடங்களில் மலாயாவும் ஒன்று, இலங்கை இன்னொன்று. அப்படிப் போன தமிழ் மூன்று நான்கு தலைமுறை கழித்து வேறு தாளத்தோடு திரும்பி வருகிறது. சினிமா அதை எப்படி வாங்கிக்கொண்டது? 'பொல்லாதவன்' (2007), 'ஆடுகளம்' (2011), 'காலா' (2018) என்று யோகி பி-யின் குரல் தொடர்ந்து கேட்டது. சினிமாவுக்கு வேண்டியிருந்தது குழு அல்ல, அந்த அறிவிப்புக் குரல். 'அண்ட்'டுக்குப் பின்னால் இருந்தவர்கள் இங்குள்ள கேட்பவர்களின் நினைவில் பின்னுக்குப் போனார்கள். குழுவின் பெயரில் இருந்த ஒரு சின்ன இணைப்புச் சொல், பிறகு சந்தை செய்யப்போகும் வேலையை முன்கூட்டியே சொல்லிவிட்டது எனலாம்.

4

குரல்களை ஒப்பிடுவதற்கு அளவுகோல் வேண்டும். 'ஃப்ளோ நல்லாருக்கு' என்பதோடு நிறுத்திக்கொண்டால் அது ரசனை, விமர்சனமல்ல. என்னிடம் இருப்பது யாப்பு. கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும்.

ஆங்கில ராப்பின் உயிர் அடிக்கடைசி ஓசை ஒப்புமையில் இருக்கிறது. நம் இலக்கணம் இதை இயைபு என்கிறது. தமிழில் இயைபு மலிவானது. வந்தான், போனான், நின்றான் என்று வினைமுற்றுகளை வரிசையாக வைத்தால் போதும், இலக்கணமே இயைபைக் கொடுத்துவிடும். உழைக்காமல் கிடைக்கும் ஒலி காதை எழுப்பாது. அதனால்தான் நம் மரபு ஓசையின் பாரத்தை அடியின் தலையில், மோனையிலும் எதுகையிலும் ஏற்றியது. பட்டா, சட்டை, கொட்டகை என்று இரண்டாம் எழுத்து மோதும்போது பொருளில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சொற்கள் பக்கத்தில் வந்து நிற்கின்றன. அங்கேதான் சிந்தனை பிறக்கிறது. தமிழ் ராப் எழுதுகிறவரைச் சோதிக்க எளிய வழி: வரிக்கடைசியை விட்டுவிட்டு வரியின் தலையையும் நடுவையும் கேளுங்கள்.

இரண்டாவது அளவுகோல் சந்தம். பதினைந்தாம் நூற்றாண்டில் இந்த ஊர் அருணகிரிநாதர் செய்து காட்டியது அதைத்தான். வண்ணப் பாடலில் 'தத்த' வேறு, 'தந்த' வேறு, 'தய்ய' வேறு. மூன்றும் ஒரே கால அளவு; ஆனால் வல்லொற்று ஓசையை வெட்டும், மெல்லொற்று நீட்டி அதிரவைக்கும், இடையொற்று வழுக்கிக்கொண்டு போகும். 'பட்டு' என்றால் அடி நின்றுவிடுகிறது, 'பந்து' என்றால் அடிக்குப் பிறகும் கொஞ்சம் ஒலிக்கிறது. நாலு அடிச் சதுர தாளத்தின் மேல் பேசுகிற ராப்காரருக்கு இதைவிட நல்ல கருவிப்பெட்டி கிடையாது. வல்லொற்றால் அடிக்கிறவரா, மெல்லொற்றால் இழுக்கிறவரா என்று பார்த்தாலே ஒரு குழுவின் குரல்களைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துவிடலாம். கானா இயல்பாக இழுக்கும்: இழுத்து, கடைசியில் எதிர்பாராத ஓர் ஆங்கிலச் சொல்லைப் போட்டுச் சிரிக்கவைத்து முடிக்கும். ராப் வெட்டும். இந்த இரண்டையும் ஒரே மேடையில் நிறுத்தியது ஒரு குழு.

5

2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் முறையாக மேடையேறியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய குழு. பத்தொன்பது பேர். கட்ட மோளம், சட்டி, பறை ஒருபுறம்; கிட்டாரும் டிரம்ஸும் இன்னொருபுறம். பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்து வந்தது. 1891-இல் திராவிட மகாஜன சபையைத் தொடங்கி, 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தியவரின் கருத்து, 111 ஆண்டுகள் கழித்து ஒரு பாட்டுக் குழுவின் பெயராகிறது. இங்கே 'அண்ட்' இல்லை, வாத்தியார் பெயரும் இல்லை.

இந்த ஜமாவில் மூன்று குரல்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முத்து கானாக்காரர். கானா வடசென்னையில் சாவு வீட்டில் வளர்ந்தது. துயரத்தை இரவு முழுக்கத் தாங்கிப் பிடிக்கிற பாட்டு. அது சொந்த ஊரை, தெருவை, செத்தவரைப் பெயர் சொல்லிப் பாடும். குழுவில் முத்துவின் வேலை இந்த மண்ணைக் கொண்டுவருவது. அவருடைய ஓசை இழுப்பது; அந்த இழுப்பில்தான் மற்றவர்கள் காலூன்றுகிறார்கள்.

இசைவாணியும் கானாதான். ஆனால் ஆண்களின் வெளியாக இருந்த கானாவில் ஒரு பெண் நின்று பாடும்போது பாட்டின் இலக்கணமே மாறுகிறது. கானாவில் பெண் பேசப்படுகிற பொருளாக இருந்தாள்: காதலி, ஏமாற்றுக்காரி, அம்மா. பேசுகிறவளாக வந்ததும், அதே சொற்கள் திரும்பி நின்று முறைக்கின்றன. 2020-இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. 2021-இல் 'சார்பட்டா பரம்பரை'யில் முத்துவும் இசைவாணியும் சேர்ந்து 'வம்புல தும்புல' பாடினார்கள். குழுவின் இரண்டு கால்கள் சினிமாவுக்குள் போனபோது சேர்ந்தே போனது நல்ல விஷயம்.

மூன்றாமவர் அறிவு. அரக்கோணத்துக்காரர். குழுவில் அவர் கானாவுக்கு நடுவே வந்து வாதம் செய்கிறவர். இட ஒதுக்கீட்டைப் பற்றிய 'கோட்டா' பாட்டு ஒரு வழக்குரைஞரின் வேலையைச் செய்கிறது. அந்த வகை வேலைக்குத்தான் ராப் தேவைப்பட்டது. அவருடைய ஓசை வல்லொற்று. வெட்டிக்கொண்டே போகும். ஆனால் கூட்டம் பின்னால் இருப்பதால் வெட்டுவதற்கு இடம் அளவாகத்தான் கிடைத்தது.

2019-இல் ஆஃப்ரோவோடு சேர்ந்து 'தெருக்குறள்'. இப்போது இரண்டே பேர். தாங்கிப் பிடிக்கக் கானா இல்லை, திருப்பிச் சொல்லக் கோரஸ் இல்லை. அதனால் அறிவே பல குரல்களாக வேண்டியிருக்கிறது. 'ஆன்டி இண்டியன்' பாட்டில் எதிராளியின் வசவையே தலைப்பாக எடுத்துக்கொண்டு அதனுள் நின்று பேசுகிறார். பக்தின் சொல்லும் இரட்டைக் குரல் இதுதான்: அடுத்தவன் சொல்லை அவன் உச்சரிப்போடே எடுத்து வேறு பக்கம் திருப்பிவிடுவது. குழுவில் ஆட்களாக இருந்த பன்மை, தனியாக வந்ததும் மொழிக்குள் குடியேறுகிறது.

2024-இல் 'வள்ளியம்மா பேராண்டி'. தலைப்பே ஒரு பெயரிடல். யோகி பி தன் பெயரை முன்னால் வைத்தார், கலெக்டிவ் ஆள் பெயரே வேண்டாமென்றது. இங்கே தன்னை இன்னாரின் பேரன் என்று சொல்லிக்கொள்கிறார், அதுவும் பாட்டி வழியாக. அந்தப் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தலைமுறை. 1964-இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. மீதி 1,50,000 பேரைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. எண்களாக மட்டும் இருந்த அந்த மனிதர்களில் ஒருவருக்கு ஆல்பத்தின் அட்டையில் பெயர் கிடைக்கிறது. கூத்தில் திரை விலகியதும் வேஷம் சொல்கிற குலப்பெருமை இது. ஆனால் ராஜ குலமல்ல, நிலமில்லாத கூலி குலம்.

6

இனி சிக்கலான பகுதிக்கு வருகிறேன்.

2021 மார்ச் 7-இல் 'எஞ்சாய் எஞ்சாமி' வெளிவந்தது. தீ, அறிவு பாடியது; வரிகள் அறிவு; தயாரிப்பு சந்தோஷ் நாராயணன்; வெளியிட்டது 'மாஜா'. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா. ரஞ்சித் உட்படப் பலர் கேள்வி கேட்டார்கள். 2022 ஜூலை 28-இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு மேடையில் இல்லை. இந்தப் பாட்டை உருவாக்கியதில் தன் பங்கு என்ன என்று அறிவு பொதுவில் எழுதினார். மூவருக்கும் சம பங்கு என்று மற்ற இருவரும் எழுதினார்கள். 2024 மார்ச்சில், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் சொன்னார். யார் பக்கம் நியாயம் என்று திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்பெழுத நான் தயாரில்லை. என் அக்கறை வேறு: பாட்டியின் வாயிலிருந்து பேரன் காதுக்கு வந்த துக்கம், உலகம் முழுக்கச் சுற்றியபோது அந்தப் பேரனின் முகம் அட்டையிலிருந்து விழுந்துவிட முடிந்தது. புகழ் பரவும்போது பெயர் உதிர்கிறது.

இதற்கு நேர் எதிர் நிகழ்வு 2024 நவம்பரில். சபரிமலைத் தீர்ப்பு வந்த 2018-ஐ ஒட்டி, கோயில் நுழைவுரிமை பற்றிக் கலெக்டிவ் உருவாக்கி, இசைவாணி பாடிய 'ஐ ஆம் சாரி ஐயப்பா' பாட்டைச் சிலர் ஆறு ஆண்டு கழித்துத் தோண்டியெடுத்தார்கள். புகார்களும் மிரட்டல்களும் வந்தன. யார் மேல்? பத்தொன்பது பேர் மேலா? இல்லை. பாடிய ஒரு பெண்ணின் மேல். அது குழுவின் பாட்டு என்று நீலம் பண்பாட்டு மையம் அறிக்கை விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. பழி வரும்போது பெயர் ஒட்டிக்கொள்கிறது.

1969-இல் ஃபூக்கோ ஆசிரியன் என்பவன் யார் என்று கேட்டபோது ஒரு விஷயத்தைச் சொன்னார்: எழுத்துக்கு ஆசிரியன் பெயர் தேவைப்பட்டது முதலில் பாராட்டுவதற்கல்ல, தண்டிப்பதற்கு. தொண்ணூறுகளில் நம் சிறுபத்திரிகைகளில் ஆசிரியனின் மரணம் பற்றி நிறையப் பேசப்பட்டது. பார்த்தைப் படித்து, பிரதிதான் முக்கியம், பெயர் முக்கியமில்லை என்றார்கள். அந்தப் பேச்சுக்கு அன்று அவசியம் இருந்தது. எழுத்தாளத் திருவுருக்களை இறக்கிவைக்க அது உதவியது. ஆனால் பெயரே எழுதப்படாமல் இருந்தவர்கள் இப்போதுதான் பெயர் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். அவர்களிடம் போய் ஆசிரியன் செத்துவிட்டான் என்று சொல்வது, பந்தியில் உட்காரும் நேரத்தில் சாப்பாடு முடிந்தது என்பதற்குச் சமம். இசைவாணியின் அனுபவம் காட்டுகிறபடி, தண்டிக்க வருகிறவர்கள் இந்தக் கோட்பாட்டையெல்லாம் படிப்பதில்லை. அவர்களுக்குப் பெயர் நன்றாகவே தெரிகிறது.

7

அப்படியானால் குழு வேண்டாம், தனி ஆளே போதும் என்கிறேனா? இல்லை. தெருக்குறளில் அறிவு தனக்குள் எழுப்பிய பல குரல்கள் கலெக்டிவில் கேட்டுப் பழகிய குரல்கள். இசைவாணி தனியாக நிற்க முடிந்ததற்கு அந்த மேடையும் காரணம். டென்மா இசையமைத்த 'நட்சத்திரம் நகர்கிறது' (2022) படத்தில் அறிவு பாட்டெழுதினார். பிரிந்து போனவர்கள் இடையிடையே கூடிக்கொள்ளவும் செய்கிறார்கள். இது வூ-டாங் வழிக்கு அருகில் இருக்கிறது. இல்லாதது, அங்கே முன்கூட்டிப் பேசிவைத்த கணக்கு.

விமர்சகர்கள் செய்யக்கூடிய வேலை சிறியது, ஆனால் செய்யப்படாதது. ஒரு குழுவின் பாட்டைப் பற்றி எழுதும்போது எந்தப் பத்தி யாருடையது என்று குறிப்பது. எழுதியவர், பாடியவர், மோளம் அடித்தவர் என்று பெயர்களைப் பிரித்து எழுதுவது. ஒருவர் வேறு ஆல்பத்துக்குப் போகும்போது எதை எடுத்துக்கொண்டு போனார், எதை விட்டுவிட்டுப் போனார் என்று தொடர்ந்து கேட்பது. சங்கப் பாடல்களில் பெயர் தெரியாத புலவருக்கு அவர் எழுதிய ஒரு தொடரையே பெயராக வைத்தார்கள், செம்புலப்பெயல்நீரார் என்று. தொகுத்தவர்களுக்கு அந்த மரியாதை இருந்திருக்கிறது. கட்ட மோளம் அடிக்கிற பையனுக்கு அந்த அளவு மரியாதையை எந்தப் பத்திரிகை கொடுத்திருக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறேன். கலெக்டிவின் பத்தொன்பது பேரில் இந்தக் கட்டுரையே பெயர் சொன்னது நால்வரைத்தான். மற்றவர்களைப் பற்றி யாராவது எழுதினால் இதே பக்கங்களில் வரட்டும்.